மூன்றாவது கம்பி

இஸ்திரிப் பெட்டி செய்யும் முதலாளிக்குப் பெரிய வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நாட்டில் விற்க வேண்டுமானால் அவர்களுடைய பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்காக அங்கிருந்து ஓர் ஆய்வாளர் வந்திறங்கினார். மொழிபெயர்க்க முதலாளியின் மச்சான் கூடவே நின்றார். உற்பத்திக்கும் அவர்தான் பொறுப்பு.

ஆய்வாளர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பெட்டியை மேசையிலிருந்து கீழே போட்டுப் பார்த்தார். ஒயரில் எடையைக் கட்டித் தொங்கவிட்டார். உலோகத்தில் செய்த போலி விரல் ஒன்றை இண்டு இடுக்கெல்லாம் நுழைத்து, மின்சாரம் தட்டுப்படுகிறதா என்று சோதித்தார். எச்சரிக்கை ஸ்டிக்கரைக்கூட விடவில்லை. ஈரத்துணியால் தேய்தேய் என்று தேய்த்தார். ஓர் எழுத்துகூட அழியவில்லை. முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எங்க வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையோடு அழைத்துப் போனார்.

வீட்டில் முதலாளியம்மா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். காலில் ரப்பர் செருப்பு, அதற்கும் கீழே ஒரு மரப்பலகை. ஆய்வாளர் அதையே உற்றுப் பார்த்துவிட்டு மச்சானிடம் ஏதோ கேட்டார்.

"ஏன் பலகை மேல நிக்கிறேன்னு கேக்கறார் அக்கா."

"பின்ன? வெறும் தரையில நின்னா ஷாக் அடிக்குமேடா. நீங்க செஞ்ச பெட்டிதானே, உனக்குத் தெரியாதா?"

மச்சான் திரும்பி, அக்காவுக்கு மேசை எட்டவில்லை என்று மொழிபெயர்த்தார்.

முதலாளியம்மா நல்ல உயரம். ஆய்வாளருக்கு மனசு ஒப்பவில்லை. தரை துடைத்து ஈரமாக இருந்ததால் ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு நின்றிருந்தார். பெட்டியிலிருந்த திருகாணி ஒன்றை விரலால் தொட்டார். இந்த முறை சொந்த விரல். துள்ளிப்போய் சோபாவில் விழுந்தார்.

முதலாளி, ஆர்டர் கோவிந்தா என்றே முடிவு கட்டிவிட்டார். ஆனால் ஆய்வாளர் விரலை உதறியபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இந்தப் பெட்டி எங்கே விற்கிறது?

மச்சான் அதைச் சொல்லி முடிப்பதற்குள், "இங்க மட்டும்தான்! சத்தியமா இங்க மட்டும்தான்!" என்றார் முதலாளி.

ஆய்வாளர் முகம் தெளிந்தது. அப்படியானால் இது தன் வேலையில் சேராது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது, ஷாக் அடித்த மரியாதைக்கு, முதலாளியம்மாவுக்கு விஷயத்தை விளக்கினார். மச்சான் இழுத்து இழுத்து மொழிபெயர்த்தார்.

"அவங்க ஊருக்குப் போற பெட்டியில மூணாவதா ஒரு கம்பி இருக்காம் அக்கா. கசியற கரண்ட்டை அது மண்ணுக்குள்ள அனுப்பிடுமாம்."

"நமக்கு?"

"நமக்கு... ரெண்டு."

முதலாளியம்மா மறுநாள் காலை நேராகத் தொழிற்சாலைக்குப் போய், ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்ததில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். தடுக்க யாருக்குத் தைரியம் வரும்? ஆனால் அதன் பிளக் வீட்டில் எந்தச் சுவரிலும் நுழையவில்லை. எலக்ட்ரீஷியன் வந்தார்.

"இது என்னம்மா பெரிய வேலை? பிளக்கை மாத்திட்டு, இந்த எக்ஸ்ட்ரா கம்பியை வெட்டி டேப் சுத்திடறேன்."

"கையை எடுங்க! அதை வெட்டறதுக்கு எங்க வீட்லயே ஆள் இருக்கார்."

சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்கு வந்தபோது, வாசலில் குழி வெட்டியிருந்தது. உள்ளே சுவரெல்லாம் கொத்திக் கிடந்தது.

"என்ன இதெல்லாம்?"

"மூணாவது கம்பிக்கு எர்த் போடறோம். உங்க சட்டையை இனிமே நீங்களே தேய்ச்சுக்கங்க. பழைய பெட்டி பரண்ல இருக்கு."

கொஞ்ச நாள் கசங்கிய சட்டையோடு போய்வந்தார். பிறகு ஒருநாள் தேய்த்தும் பார்த்தார். அடுத்த வாரமே உள்ளூர்ப் பெட்டிக்கும் மூன்றாவது கம்பி வந்துவிட்டது. அட்டையில் 'குடும்பப் பாதுகாப்பு மாடல்' என்று தங்க எழுத்தில் போட்டு, விலையையும் கொஞ்சம் ஏற்றினார்கள். பழைய மாடலை நிறுத்தவில்லை. அது பாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது.

புது அட்டையை முதலாளி பெருமையோடு மனைவியிடம் நீட்டினார். அவர் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"அப்ப அந்தப் பழசு, குடும்பம் இல்லாதவங்களுக்கா?"

முதலாளி பக்கத்தில் நின்ற மச்சானைப் பார்த்தார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று மச்சானுக்கும் தெரியவில்லை.