பால்கனித் தொட்டிக் கீரை

அக்கா வைத்த தட்டில் கீரை பச்சைப்பசேலென்று இருந்தது. தம்பிக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. முலாம் பூசும் பட்டறையில் கழிவுநீரோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான்.

"போன தடவை தொட்டியில நாலு இலைகூட வரலையே, எப்படிக்கா?"

"உன் மாமாகிட்ட கேளு. பெரிய விவசாயி ஆயிட்டாரு."

அதே பட்டறையில் வேன் ஓட்டும் மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எல்லாம் மாப்ள புண்ணியம். கழிவுநீரைச் சுத்தம் பண்ற உங்க பூஞ்சையை, வேலை முடிஞ்சதும் காயவெச்சு டிரம்முல அனுப்புறீங்கல்ல? சும்மா போற எருதானேன்னு ஒரு பை அள்ளிட்டு வந்தேன்."

தம்பி பிசைந்த கவளத்தை அப்படியே தட்டில் போட்டான்.

"அந்த டிரம்முல ஆபத்துன்னு சிவப்பு ஸ்டிக்கர் இருக்குமே மாமா!"

"நீதானே சொன்ன, தண்ணியில இருக்கிற விஷத்தை பூஞ்சை தின்னு தீர்த்துடும்னு? அப்புறம் என்ன ஸ்டிக்கரு?"

சொன்னான்தான். இந்த நாட்டுக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே மேசையில், வாய் ஓயாமல் அளந்தான். பூஞ்சை உருண்டைகள் அடைத்த குழாய்க்குள் போகும் தண்ணீர் சுத்தமாகி வரும் என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

"சோறு மாதிரி செரிக்காது மாமா. அது காட்மியம், உலோகம். தண்ணியை விட்டுட்டு பூஞ்சையில ஒட்டிக்கும், அவ்வளவுதான். மண்ணுல போட்டா கீரை இழுத்துக்கும்."

"கீரையைத் தின்னவளுக்கு?" என்றாள் அக்கா.

அவள் மாசமாக இருக்கிறாள். பிள்ளைக்கு நல்லதென்று தினமும் அவளுக்குத்தான் முதல் பங்கு.

"எனக்குத் தெரியாதும்மா..." மாமாவுக்கு நாக்கு குழறியது.

"அழுறதை அப்புறம் பார்த்துக்கலாம். சட்டையை மாட்டுங்க." அக்கா எழுந்தாள்.

தம்பி செடிகளை மண்ணோடு பிடுங்கிப் பையில் இறுக்கிக் கட்டினான். படியிறங்கும்போது மாமா அவன் தோளைப் பிடித்தார்.

"மாப்ள, டிரம்முல இருந்து எடுத்தது தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போயிடும். விசாவும் போச்சு. கடையில வாங்கின எருன்னு சொல்லிடலாமா?"

ஊரில் அம்மா தம்பியின் சம்பளத்தில்தான் வீடு நடத்துகிறாள். கீழே அக்கா, வயிற்றில் கைவைத்தபடி காத்திருந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார். "கீரைக்குப் போட்ட எரு எங்கே கிடைச்சது?"

மாமா தரையைப் பார்த்தார். தம்பி பையை மேசைமேல் வைத்தான்.

"எங்க பட்டறைக் கழிவு, டாக்டர். காட்மியம் இருக்கு. முதல்ல அக்காவுக்கு ரத்தம் எடுங்க."