இருபத்து மூன்று வயதுக் கண்

பட்டப்பகலில் இருட்டறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் நான். சுவர், கூரை, தரை, கதவின் உள்பக்கம் எல்லாமே கறுப்பு. வெள்ளை உடை கூடாது. அதில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் அளவைக் கெடுத்துவிடும். தெருவிளக்கை ஓர் இரும்புக் கையில் மாட்டினால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். எதிர்ச்சுவரில் இருக்கும் கருவி, எந்தத் திசையில் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்று குறித்துக்கொள்ளும். ஒரு விளக்குக்கு நான்கு மணி நேரம். அதுவரை நான் விளக்கைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பிறகு காகிதம் தெரியாது. விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுதான் என் உத்தியோகம்.

அந்த வாரம் வந்தது, என் வீட்டுக்காரரின் வேலைக்கு வேட்டு வைத்த விளக்கு.

அவர் பேருந்து ஓட்டுநர். முப்பது வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்பு, மாலை ஏழு மணிக்கு, ஒரு வளைவில் சாலை நடுவேயுள்ள கம்பித் தடுப்பில் உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. பக்கக் கண்ணாடி போயிற்று. ஒரு பயணியின் குடை வளைந்தது. அதற்கு அந்தப் பயணி தனியாகப் புகார் எழுதினார். புது விளக்கு கண்ணில் அடித்து ஒன்றுமே தெரியவில்லை என்றார் இவர். விசாரித்தவர்கள் 'ஓட்டும்போது கண்ணயர்ந்துவிட்டேன்' என்று ஒரு தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டால் ஓய்வு பெறும்வரை இரண்டு வருஷம் சாவி அறையில் மற்ற ஓட்டுநர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை. இவர் தாளைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தார். சரி, விளக்கை அளந்து பார்ப்போம் என்றார்கள். விளக்கில் கோளாறு இருந்தால் மறுபடி வண்டி. இல்லையென்றால் கையெழுத்து.

அன்று ராத்திரி என் வாயும் சும்மா இருக்கவில்லை. "நெஜமாச் சொல்லுங்க, லேசா அசந்துட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதிலிருந்து மனிதர் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டார். வேலை இல்லாத மூன்று வாரமும் தினம் சீருடைக்கு இஸ்திரி போட்டார்.

என் மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வெளக்கு செஞ்ச கம்பெனி உங்களுக்குச் சொந்தமாம்மா?"

"இல்ல சார். அது அடிச்ச கண்ணுதான் சொந்தம்."

"அதுக்கு ஃபாரத்துல எடம் இல்லயேம்மா. நீங்களே அளந்துடுங்க."

அளந்தேன். கம்பத்தின் உயரம், சாலையின் அகலம் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் கடைசியில் கண் கூச்சத்துக்கு என்று ஓர் எண் வரும். பதினைந்தைத் தாண்டினால் தோல்வி. வந்தது ஒன்பது புள்ளி ஒன்பது. விளக்கைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினேன். ஒன்பது புள்ளி ஒன்பது. மறுநாளும் அதே. விளக்கு பத்தரை மாற்றுத் தங்கம்.

அப்போதுதான் கணக்கின் மூலையில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது. பார்ப்பவர் வயது: 23. பதினோரு வருஷமாக அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், நின்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் வெளிச்சம் அதிகமாகச் சிதறும், கூச்சமும் ஏறும். ஆனால் விதிப்படி, இருட்டில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் இருபத்து மூன்று வயது.

அதில் வீட்டுக்காரரின் வயதை, ஐம்பத்தாறு என்று அடித்தேன். பதினான்கு புள்ளி ஏழு. அதுவும் தேர்ச்சி. வெறும் பூஜ்யம் புள்ளி மூன்றில் என் வீட்டுக்காரர் தூங்கிப்போயிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போட்டு உடைத்தேன்.

"வெளக்கு பாஸ்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"இருபத்து மூணு வயசுக் கண்ணுக்குத்தான் கணக்கு போடுவாங்க. உங்க வயசப் போட்டும் பாத்துட்டேன். அம்பத்தாறுக்கும் பாஸ்தான். இதுக்கு மேல நான் என்ன பண்ண?"

"அம்பத்தாறா போட்ட?"

"வேற என்ன போடுறது?"

பெட்டியை அணைத்தார். கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அம்பத்தொம்பது போடு."

"என்னது?"

"என்னை எட்டு வயசுலதான் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. அஞ்சுன்னு எழுதச் சொல்லிட்டாரு அப்பா."

"பொண்ணு பாக்க வந்தப்ப?"

"சர்டிபிகேட்ல இருந்ததச் சொன்னாங்க. நானும் வாயத் தெறக்கல."

இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கணக்குப் போடுகிற அவசரம் அதை முந்திக்கொண்டது. கைபேசியை எடுத்துத் தட்டினேன்.

"பதினஞ்சு புள்ளி எட்டு. ஃபெயில்."

"யாரு, நானா?"

"வெளக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நான் தூங்கல."

"தூங்கல. நான்தான் கேக்கக் கூடாததக் கேட்டுட்டேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான், சீருடைச் சட்டையால் துடைத்துக்கொண்டார்.

ஓட்டுநர்களுக்கு ஓய்வு வயது ஐம்பத்தெட்டு. தூங்கவில்லை என்று நிரூபிக்கிற அந்த எண்ணை அறிக்கையில் எழுதினால், போன வருஷமே வண்டியை விட்டு இறங்கியிருக்க வேண்டியவர் என்பதும் கூடவே வெளிவரும். அது ஒரு பக்கம். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தினமும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் திரும்பியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இனிமே நீங்க ஸ்டியரிங்கத் தொடக் கூடாது."

"அது வண்டி ஒரசின அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

மறுநாள் ஒன்பது புள்ளி ஒன்பது, தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: வயது கூடிய ஓட்டுநர்களுக்கு இந்த விளக்கு கூசும், சாய்வைக் குறைக்கவும்.

"இதை யாரும் கேக்கலயேம்மா" என்றார் மேலதிகாரி.

"கேக்காட்டியும் இருக்கட்டும் சார்."

அறிக்கை போன அன்றே என் வீட்டுக்காரர் பணிமனைக்குப் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றார்.

"தூங்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"மூணு வாரம் முன்னாலயே போட்டிருக்கலாமேன்னு கேட்டாங்க. எல்லாரும் நம்பிட்டாங்க." குனிந்து செருப்பைக் கழற்றினார். "நீ நம்பல இல்ல?"

"நம்பல."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, சாவி அறைக்குக் காலை ஐந்து மணிக்கெல்லாம் போக வேண்டும் என்று அலாரம் வைத்தார்.