ஐஸ் வைத்த மூளைகள்

முட்டைக்குள் குஞ்சு வளர வளர, அதன் மூளை நரம்புச் செல்களில் எந்தப் புரதம் என்றைக்குக் கூடுகிறது, எது குறைகிறது என்று பார்ப்பதுதான் என் பிஎச்.டி. செல் கை நீட்டி வளரும் நாட்களில் ஒரு புரதம் ஏராளமாக இருக்கும். பக்கத்துச் செல்லோடு சேர்ந்துவிட்டால் அது வடிந்து இன்னொன்று ஏறும். ஐந்தாம் நாள் முதல் பதினெட்டாம் நாள் வரை, நாள்வாரியாக நூற்றுக்கணக்கான முட்டைகளை உடைத்து மூளைகளை எடுத்து, சிறு குழாய்களில் போட்டு, சிதம்பரத்தில் எங்கள் லேப் ஃப்ரீசரில் மைனஸ் எண்பது டிகிரியில் வைத்திருந்தேன். நான்கு வருட உழைப்பு. மார்ச்சோடு எனக்குக் கெடு முடிகிறது.

தானே புயல் அடித்தபோது நான் மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டில் மாட்டிக்கொண்டேன். சாலையெல்லாம் மரம், எங்கும் கரண்ட் இல்லை. மறுநாள் எப்படியோ கோவிந்தசாமி அண்ணனுக்கு லைன் கிடைத்தது. தேவனாம்பட்டினத்துக்காரர். சுனாமியில் படகு போனபின் எங்கள் லேபுக்கு வந்து, ஏழு வருடமாகத் தற்காலிக அட்டெண்டராகவே இருந்தார்.

"என்னா பண்ணுவீங்களோ தெரியாதுண்ணே, ஃப்ரீசர் சூடாவக் கூடாது" என்று கத்தினேன். கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்ல இந்தப் படித்த மேதாவிக்குத் தோன்றவே இல்லை. லைன் அறுந்துபோனது.

கடல் மனிதருக்குச் சூடாகாமல் வைப்பதென்றால் ஐஸ்தான். முடசலோடை மீன்பிடித் துறையில் ஜெனரேட்டரில் ஓடிய ஐஸ் ஆலையிலிருந்து டிவிஎஸ் வண்டியில் ஐஸ் கொண்டுவந்து, காலையும் மாலையும் கதவைத் திறந்து, உருகியதை வழித்துவிட்டுக் குழாய்களைச் சுற்றிப் புது ஐஸ் அடைத்திருக்கிறார். ஐந்து நாள். மீனாக இருந்தால் பிழைத்திருக்கும். மைனஸ் எண்பதில் கிடந்த மூளைக்கு ஐஸ் என்பது அடுப்பு. மூடியே வைத்திருந்தால், லேப் ஜெனரேட்டர் தினமும் ஓடிய சில மணி நேரமே காப்பாற்றியிருக்கும்.

திரும்பி வந்து பரிசோதித்துப் பார்த்தேன். எல்லாப் புரதமும் சிதைந்திருந்தது. புரதங்கள் தனித்தனிக் கோடுகளாக விழ வேண்டிய ஃபிலிமில் ஐந்தாம் நாளும் பதினெட்டாம் நாளும் ஒரே அழுக்குக் கறையாகத் தெரிந்தன. அழுகை வரவில்லை, அண்ணன்மேல் எரிச்சல்தான் வந்தது.

கைடு தில்லைநாதன் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஃப்ரீசரைத் திறந்தது யார் என்று கேட்டார். அண்ணன் தான்தான் என்றார். யார் சொல்லித் திறந்தீர்கள் என்று அடுத்த கேள்வி. ஒரு வருட நீட்டிப்புக்கான என் மனு அவர் மேஜைமேல் இருந்தது. என் கவனக்குறைவு என்று தெரிந்தால் கையெழுத்துப் போட மாட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் சொல்லல சார். எனக்கா தோணுச்சி. பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கையெழுத்து கிடைத்தது. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மாடிப்படியில் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார்.

"ரெண்டு வேளைக்கு நாலு வேளையா ஐஸ் மாத்தியிருந்தா தப்பிச்சிருக்குமா பாப்பா?"

இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். ஆமாம் என்றேன்.