எட்டாத காது

1

“எட்டலையே பாய்.”

“நேத்து வூட்ல எட்டிச்சு டீச்சரம்மா. சத்தியமா எட்டிச்சு.”

இந்தக் கதைக்கென்று என் கையில் இருந்தது இவ்வளவுதான். 1974 ஜூன் மாதம், செங்கல்பட்டில் ஓர் ஆரம்பப் பள்ளியின் தாழ்வாரம். அக்கா மகனைச் சேர்க்க நான் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வெளிநாட்டு நைலான் சட்டை போட்ட ஒருவர். அவர் பக்கத்தில் ஒரு சிறுமி, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தேடிக்கொண்டிருந்தாள். விரல் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருஷம். அப்போதெல்லாம் அதுதான் வயதுச் சான்று.

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் எல்லாத் தகப்பன்மாரும் அதையேதான் சொன்னார்கள்.

2

முதல் தொடக்கம்: ‘கடற்கரைக் கோயிலுக்கு மேலே நிலவு மெல்ல—’

(விட்டுவிட்டேன். என் வாசகிகளுக்கு நிலவு பிடிக்கும். ஆனால் பள்ளிக்கூடம் காலையில் அல்லவா திறக்கிறது!)

இரண்டாவது: ‘ஹயாத் பாஷாவுக்குப் பினாங்கில் ஜவுளிக்கடை.’

இது நிற்கட்டும். கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். இந்த முறை வருஷக் கடைசிவரை இருந்து, மனைவி ஷஹர்பானுவையும் மகள் பதருன்னிசாவையும் கூடவே அழைத்துப்போக வந்திருக்கிறார். பினாங்குப் பள்ளியில் ஜனவரியில்தான் சேர்ப்பார்கள். அதுவரை ஊரில் படித்ததாகச் சான்றிதழ் இருந்தால் இடம் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். இடம் இல்லையென்றால் குடும்பம் இன்னும் ஒரு வருஷம் இங்கேதான்.

ஆகவே காலையில் முட்டை, மாலையில் கொய்யாக் கிளையில் தொங்கல்.

“கையா இது, கத்திரிக்கா காம்பா? நல்லா நீட்டு நைனா!”

“நீட்டிக்கினுதான் கீறேன் அத்தா!”

கதையில் ரெபேக்காள் என்று நான் பெயர் வைத்த தலைமையாசிரியை இரக்கமுள்ளவர். “திங்கக்கிழமை இன்னொரு வாட்டி பாக்கறேன். அதுக்கு மேல அடுத்த வருஷந்தான்” என்றார்.

“டீச்சரம்மாவப் பாத்து புள்ள பயந்துகினா” என்றார் பாஷா வீட்டுக்கு வந்து. “நாளைக்கு ஞாயித்துக்கெழம. மாபலிபுரம் போயி வரலாம். பயம் தெளிஞ்சிரும்.”

ஷஹர்பானு புளிச்சோறு கிளற அரிசி களைந்தாள்.

3

மாமல்லபுரத்து மணலில் மூவரையும் உட்காரவைத்தேன். பாஷாவைச் சுண்டல் வாங்க அனுப்பினேன். பிறகு, அழகாக இருக்குமே என்று ஒரு வாக்கியம் எழுதினேன்:

‘பதருன்னிசா ஒரு சங்கை வலது கையில் எடுத்து, தலைக்கு மேலாக வளைத்து, இடது காதில் வைத்துக் கடலைக் கேட்டாள்.’*

* எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து படித்தபோதுதான் உறைத்தது. எட்டாத கையென்று ஒன்றாம் பகுதியில் எழுதிவிட்டு, இங்கே அந்தக் கையில் சங்கையும் கொடுத்து எட்டவைத்திருக்கிறேன்! அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம். பேனாவைக்கூடத் திறந்தேன். அப்போது அந்த நைலான் சட்டைக்காரர் குரல் கேட்டது: நேத்து வூட்ல எட்டிச்சு.

எட்டியிருந்தால்?

அடிக்கவில்லை. மணலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தேன். ஷஹர்பானு மகளின் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“அத்தா வந்துருவாரு. கையக் கீழ போடு.”

“டீச்சர் கிட்ட மாதிரியாம்மா?”

“ஆமாடி என் கண்ணு.”

பள்ளிக்கூடம் போன அன்று காலை, தலை பின்னிவிடும்போது அவள்தான் காதைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறாள். கதை எழுதுகிற எனக்கே தெரியாமல்.

4

என் கதைகளில் மனைவிகள் கணவனோடு கப்பலேறத்தான் ஏங்குவார்கள். இவளுக்கு என்ன வந்தது?

ஊர்ப்பாசமா? (நீக்கினேன். செங்கல்பட்டு வெயிலை அவள் திட்டாத நாளில்லை.) கடல் பயமா? (அதையும் நீக்கினேன். முழங்கால்வரை அலையில் நிற்கிறாள்.)

பினாங்கைப் பற்றிப் பாஷா சிரித்துக்கொண்டே சொல்வார்: “கடைதான் நமக்கு வூடு. பொழுது விடிஞ்சா அங்க, படுத்தா அங்க.” அவர் சிரிப்பார், அவள் சிரிக்கமாட்டாள். இங்கேயாவது அவர் விருந்தாளி. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத, இரண்டு மாத விருந்தாளி. அங்கே போனால் அவரும் கடைக்குப் போய்விடுவார், தெரிந்த முகம் ஒன்றுகூட மிஞ்சாது. அவளுக்கு வேண்டியது பினாங்கு அல்ல, அவர்தான்.

அதைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். முதல் தடவை அவர் கப்பலேறியபோதே சொல்லப் பார்த்தாள்.

“மச்சான்...”

“இன்னா?”

“ஒண்ணுமில்ல. மப்ளர் எடுத்துக்கினீங்களா?”

(பினாங்கில் ஏது குளிர்? அவர் எடுத்துக்கொண்டுதான் போனார். இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்.)

அடுத்த தடவை ஊறுகாய். அதற்கடுத்த தடவை, குடை. ‘சம்பாதிக்கப் போறவன் காலக் கட்டாதே’ என்று இரு வீட்டிலும் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு வாக்கியம் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சாமானாக மாறிவிடும்.

5

முடிவு அ: திங்கட்கிழமை காது எட்டுகிறது. கப்பல் ஊதுகிறது. அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு—

(வேண்டாம். இப்படி நிறைய எழுதியாகிவிட்டது.)

முடிவு ஆ: காது எட்டவேயில்லை. அவர் தனியாகப் போகிறார். இரண்டு வருஷம் கழித்து—

(அதுவரை காத்திருக்க எனக்கே பொறுமையில்லை.)

முடிவு இ: பாஷா சுண்டலோடு வருகிறார். பதருன்னிசாவுக்குச் சங்கின்மேல் ஆசை விடவில்லை. மறுபடி தலைக்கு மேல் கை.

“எட்டிச்சு! பானு, பாத்தியா? நான் சொல்லல?”

குழந்தை அம்மாவைப் பார்க்கிறது. “மறந்துட்டேம்மா.”

“இன்னாத்த மறந்த நைனா?”

குழந்தையின் கை கீழே இறங்குகிறது. அவர் மகளைப் பார்க்கிறார், மனைவியைப் பார்க்கிறார். கையில் சுண்டல் ஆறுகிறது. மெதுவாக மணலில் உட்காருகிறார். கோபமா, புரிந்துவிட்டதா என்று அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இனி அவள் சொல்லப்போவதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அவரைத் தாழ்வாரத்தில் ஒரு நிமிஷம் பார்த்தவள் நான். உங்கள் வீட்டு ஆண்களை நீங்கள் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறீர்கள், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அவளைப் பேசவைப்பதோடு என் வேலை முடிந்தது.

“மச்சான்...”

“இன்னா பானு?”

(சுண்டலுக்கு உப்பு போதுமா என்று எழுதப் போனேன். அவள் விடவில்லை.)

“போவாதீங்க. இங்கயே ஒரு கடையப் போட்டுக்கினு, எங்க கூடவே இருந்துருங்க மச்சான்.”