அத்தைக்கு அனுமதி இல்லை

தான் எழுதிய நாவலைக் கேட்க என் அத்தைக்கே அனுமதி இல்லையாம். "வாய்விட்டு வாசிக்கும் வசதியைப் பதிப்பாளர் பூட்டியிருக்கிறார்" என்று மின்வாசிப்பானின் திரையில் ஒரு வரி வந்து நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தைக்கு இந்த வருடம் பார்வை போய்விட்டது. இரண்டாவது நாவல் பாதியில் கிடக்கிறது. "எழுதினதைத் திரும்பப் படிக்க முடியாதவ எதுக்கும்மா எழுதணும்? விட்டுடு," என்றார். கருவி வாசித்துக் காட்டினால் மனம் மாறுவார் என்றுதான் அதை வாங்கி வந்தேன்.

அத்தையை நேரே பதிப்பகத்துக்கு அழைத்துப் போனேன்.

"பூட்டை எடுத்தா நாளைக்கே ஊரெல்லாம் இலவசமா சுத்தும் மேடம்," என்றார் பதிப்பாளர் அத்தையிடம்.

"திருடன் எப்பவோ உடைச்சிருப்பான் சார். காசு குடுத்து வாங்கினவங்கதான் வாசல்ல நிக்கறோம்," என்றேன். அத்தை என் தொடையில் கிள்ளினார்.

மனிதர் முனகிக்கொண்டே அச்சுக்குப் போன பழைய கோப்பைக் கருவியில் ஏற்றித் தந்தார். அதில் பூட்டு இல்லை. ஆனால் அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்ட பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. கண்ணுக்குத் தமிழ், கருவிக்கு ஆங்கிலக் குப்பை. "எம், எக்ஸ், கமா, டாலர்" என்று கடகடவென ஒப்பித்தது. நான் சிரித்துவிட்டேன்.

அத்தை சிரிக்கவில்லை. "வருஷக்கணக்கா எழுதினேனே, இதுவா அது?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

பதிப்பாளர் சட்டென்று எழுந்தார். "கொஞ்சம் இருங்கம்மா." மேடம் போய் அம்மா வந்துவிட்டது. கணினி முன் உட்கார்ந்து எழுத்துருவை மாற்றி, பூட்டில்லாமல் புதுக் கோப்பே செய்தார். "இனிமே கடையிலயும் இதையே போட்டுடறேன். இப்படி எத்தனை பேர் வாங்கி ஏமாந்தாங்களோ."

கருவி இப்போது தமிழ் பேசியது. உணர்ச்சியே இல்லாத குரல்தான், ஆனாலும் அத்தையின் வாக்கியங்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்குக் கண் கலங்கியது.

"நிறுத்து, நிறுத்து!" என்று திடீரெனக் கத்தினார். "இந்த இடம் ஜவ்வா இழுக்குதே! ஒருத்தராவது சொன்னீங்களா?"

"அச்சாயிடுச்சேம்மா," என்றார் பதிப்பாளர் பாவமாக.

"அது போகட்டும். புதுசுலயும் இதே கூத்தைத்தான் பண்ணி வச்சிருக்கேன். எழுந்திரு, வீட்டுக்குப் போலாம். நான் சொல்லச் சொல்ல நீ தட்டு."

"எனக்கு ஆபீஸ் இருக்கு அத்தை."

"லீவு போடு," என்றார், காலால் செருப்பைத் துழாவிக்கொண்டே.