வாக்கர் என்ற பெயர் வந்த கதை

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் நல்லையா வாக்கரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆள் கரி நிறம். பெயரில் மட்டும் ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தான். யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"எங்க தாத்தா இங்கிலீஷ்காரரு. ரயில்வே யார்டுக்கே சூப்பர்வைசர். எங்க பாட்டிய முறையாத் தாலி கட்டி வச்சிருந்தவரு. தெரியாமப் பேசாதீங்க."

அப்பா அவருக்குச் சொல்லிவைத்த கதை அது. அந்தப் பெயரை வைத்துத்தான் அப்பாவுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கூலி வேலை போய் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. அப்பாவுக்குப் பின் அதே பட்டறையில் நல்லையாவும் ஃபிட்டரானார். அங்கே இருந்த ஆங்கிலோ-பர்மியக் கிழவர் ஒருவர்தான் ஒருநாள் அவரை மட்டம் தட்டினார். வாக்கர் என்றால் நடப்பவன் இல்லையாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, நாறிய மூத்திரத்தை ஊற்றி, மிதி மிதியென்று மிதித்துக் கெட்டியாக்குவார்களாம். மிதிக்கிறவனுக்குப் பெயர்தான் வாக்கர். நல்லையா அன்று சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தார். அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் செப்டம்பரில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு அவர் மகன் ரமேஷ்குமாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். கூட வேலை செய்தவர்களோடு ஊர்வலம் போனான், அவ்வளவுதான். மருமகள் சாந்தி அப்போது ஐந்து மாதக் கர்ப்பம்.

நல்லையா சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு விசாரணை நடந்த கட்டடத்துக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் ஓர் இளம் கேப்டன் இருந்தான். பெரியவர்களுக்குப் பர்மியர் போடும் 'ஊ'வைப் பெயருக்கு முன்னால் ஒப்புக்குப் போட்டுக்கொண்டு, அப்பன் வயசுக்காரரை நிற்கவைத்தே பேசினான்.

"ஊ நல்லையா, இது என்ன பெயர், வாக்கர்? நீ கறுப்புக் கலாவா, வெள்ளைக் கலாவா?"

இந்தியனும் கலாதான், இங்கிலீஷ்காரனும் கலாதான் பர்மியர்களுக்கு. கடல் தாண்டி வந்த அந்நியன். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் வெள்ளைக்காரப் பேரன் என்றால் கொஞ்சம் மரியாதை கிடைக்கும், பையனை விட்டுவிடுவான் என்று தோன்றியது அவருக்கு. ஆயுள் முழுக்கச் சொன்னதை அங்கேயும் சொன்னார்.

கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்படியா? எங்கள் நாட்டை ஆண்டவன் இரத்தமா? அதுதான் உன் மகன் வெளிநாட்டு வானொலி கேட்டு ஆடியிருக்கிறான்."

வீட்டுக்கு வந்து சாந்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவரால். மறுநாளே படகு ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த த்வாண்டே ஊருக்குப் போனார். அங்கே அவருடைய அக்கா தைலம்மாள் பானை சட்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்தாள். பாட்டி காத்தாயியைக் கூட இருந்து பார்த்தவள் அவள்தான். பாட்டிக்குத் தாலி கட்டியதற்குச் சாட்சியாக எதையாவது சொன்னால், தாத்தா இந்த மண்ணோடு ஒட்டி வாழ்ந்தவர் என்று கேப்டனிடம் வாதாடலாம் என்பது அவர் கணக்கு.

தைலம்மாள் அடுக்கிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"தாலியா? யாரு சொன்னா ஒனக்கு?"

"அப்பாதானக்கா."

"அப்பா வெக்கப்பட்டு மறைச்சுட்டாரு. பாட்டி யார்டுல கரிக்கூடை சுமந்தவ. அந்த வாக்கரு அவளைக் கரிக் கொட்டகைக்குள்ள இழுத்துப் போட்டுக் கெடுத்தான். புள்ள பொறந்து, போய்க் கேட்டா, நீ யாருன்னே தெரியாதுன்னுட்டான்."

நல்லையா கீழே இருந்த சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப பேரு?"

"அவ வச்சது. அவன் பேரையே புள்ளைக்கு வச்சா. தெனம் சாயங்காலம் அவன் பங்களா வாசல்ல நின்னு, 'ஏ வாக்கரு, சோறு திங்க வாடா'ன்னு தொண்டை கிழியக் கூப்பிடுவா. அவன் பொண்டாட்டி காதுல விழணும்னே கூப்பிடுவா. ஆள் விட்டு அடிச்சான். ஒரு காது செவிடாப் போச்சு. அப்பறமும் விடல. கடைசியில அவன்தான் மாத்தல் வாங்கிட்டு மாண்டலேக்கு ஓடினான்."

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ அந்தப் பேரைச் சொல்லி நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தே தம்பி. சொல்ல மனசு வரல."

திரும்பும் படகில் அவருக்கு அப்பா மேல் கோபம் வந்தது, அது நீடிக்கவில்லை. முகம்கூடத் தெரியாத அந்தப் பாட்டி பங்களா வாசலில் நின்று கூப்பிட்டதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

மறுபடியும் கேப்டன் முன்னால் போய் நின்றார். இந்த முறை ஒன்றையும் விடாமல் சொன்னார். கரிக் கொட்டகையைச் சொன்னார். பாட்டியைக் கெடுத்ததைப் பர்மிய மொழியில் சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே சொல் பச்சையான சொல், அதையே சொன்னார். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள்.

"நாங்கள் அந்த வெள்ளைக்காரனுக்கு யாரும் இல்லை, ஐயா. அவன் எங்களுக்குச் செய்தது இதுதான். என் மகனை விட்டுவிடுங்கள்."

கேப்டன் மேஜை மேல் இருந்த காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"இதை முதல் தடவையே சொல்லியிருக்க வேண்டும். அவனை நேற்றே சிறைக்கு அனுப்பியாயிற்று. இனி என் கையில் இல்லை."

அதன் பிறகு மாதம் ஒருமுறை சிறை வாசலில் சோறும் காய்ந்த மீனும் கொடுத்துவிட்டு வந்தார். சில மாதம் வாங்கிக்கொண்டார்கள், சில மாதம் திருப்பி அனுப்பினார்கள். தொண்ணூறாம் வருஷ மழைக்காலத்தில், வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டான், எரித்தும் ஆயிற்று என்று வாசலில் நின்ற காவலன் சொன்னான். கொண்டுபோன சோற்றுப் பாத்திரத்தை நல்லையா அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

சாந்திக்குப் பிறந்தது பெண். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தபோது சாந்தி மாமனார் முன்னால் வந்து நின்றாள். பாட்டி கதை அவளுக்குத் தெரியும். மகன் சாவுக்குப் பிறகு அவரே சொல்லியிருந்தார்.

"மாமா, பாப்பாவுக்குப் பதிவுல பர்மாப் பேரு வச்சுடலாம்னு இருக்கேன். வாக்கரு வேணாம்."

"அது வெள்ளைக்காரன் பேருன்னா நீ நெனைக்கிற?"

"இல்ல மாமா. அந்தப் பாட்டி பேருன்னு தெரியும். அவங்களுக்கு அந்தத் தைரியம் இருந்துச்சு. எனக்கு இல்ல. ஒருத்தரக் குடுத்துட்டேன்."

நல்லையா எழுந்து சட்டையை மாட்டினார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு வட்டார அலுவலகத்துக்கு அவரே போனார். கின் தாண்டா என்று சாந்தி சொல்லியனுப்பிய பெயரைச் சொன்னார். குடும்பப் பெயர் ஏதாவது உண்டா என்று எழுத்தர் கேட்டான்.

"இல்லை" என்றார் நல்லையா. குழந்தை அவர் தோளில் தூங்கிப்போயிருந்தது.