மழைநாள் பந்தி

திருவிருந்துக்கான அப்பத்தைச் சுடுபவர் சாவிக்காரர்தாம். தேவாலயத்தின் சாவிக்கொத்து எந்நேரமும் அவர் இடுப்பில் கிடந்ததால் சபையார் வைத்த பெயர் அது. ஆனால், மனைவி இறந்த நாள்முதல், தாம் சுட்ட அப்பத்தில் ஒரு துணுக்கைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை. மருத்துவமனையில் அவள் கண்மூடிய வேளையில், அற்பமானதொரு வாய்ச்சண்டையின் வீம்பில், அலைபேசியை அணைத்துவிட்டு அவர் வீட்டில் படுத்துக் கிடந்தார். அன்றோடு மகளும் பேச்சை அறுத்துக்கொண்டாள். அவள் மன்னிக்கட்டும், பிறகு பந்தியில் சேரலாம் என்று தமக்குத் தாமே தண்டனை விதித்துக்கொண்டார். அப்படியொரு தண்டனையை அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் முன்னே சென்று மண்டியிடும்போது, அவர் மட்டும் கடைசி வரிசையில் தூணோடு தூணாக நிற்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. தெருவில் முழங்காலளவு தண்ணீர். ஆலயத்தில் போதகரும் அவருமே இருந்தனர். போதகர் தனியாகத் திருவிருந்து உண்ணலாகாது, உடன் உண்ண ஒருவரேனும் வேண்டும் என்பது அச்சபையின் விதி.

"மணியடிச்சுப் பாத்துட்டேன் ஐயா. ஒரு ஈ காக்கா இல்ல. மூடிரலாமா?"

"நீங்க இருக்கீங்களே."

"என்னைச் சேக்காதீங்க. எனக்குத் தகுதி இல்ல."

"தகுதி பாத்துக் கொடுத்தா அதுக்குப் பேரு சம்பளம். எனக்கு மட்டும் தகுதி இருக்குன்னு யாரு சொன்னது?"

"என் மக இன்னும் மன்னிக்கலையே."

"அது அவ கையில இருக்கு. இது அவ கையில இல்ல, சாவிக்காரரே."

சாவிக்காரர் தரையைப் பார்த்தார். "நீங்க சாப்பிடுங்க ஐயா. நான் வெளிய மூச்சு விடமாட்டேன்."

போதகர் சிரித்துவிட்டார். "நல்ல ஆளுய்யா நீங்க. என்னைத் திருட்டுத்தனமா சாப்பிடச் சொல்றீங்க."

பிறகு ஜெபங்களைச் சொல்லி முடித்து, அப்பத்தைப் பிட்டு நீட்டினார். சாவிக்காரர் அசையவில்லை. போதகரின் முதிய கை நடுங்கிற்று. மறுகையால் அதைத் தாங்கிக்கொண்டாரேயொழிய மடக்கவில்லை. ஓட்டின்மேல் மழை ஓயாமல் இரைந்தது. இத்தனை காலம் அவர் தேய்த்துக் கழுவிய ஆலயத் தரைகளையும், பந்தியில் சேராமல் பட்டினி கிடந்த ஞாயிறுகளையும் அந்தக் கை கேட்கவில்லை. அது கொடுக்க மட்டுமே நீண்டிருந்தது. சாவிக்காரர் மெல்ல இரு கைகளையும் குவித்து ஏந்தினார்.

வானம் ஒன்றும் திறந்துவிடவில்லை. அழுகைதான் வந்தது. போதகர் பாராதவர்போலக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் சாவிக்காரர் அலைபேசியில் மகளை அழைத்தார். மணி ஒலித்து ஓய்ந்தது, அவள் எடுக்கவில்லை. பிற நாள்களில், தாம் தகாதவர் என்பதற்கு அதையே சாட்சியாகக் கொள்வார். அன்றோ, அவளுக்கு இன்னும் எவ்வளவு வலிக்கிறது என்று நினைத்தார். ஆளில்லாத வீட்டில், விளக்கேற்றாமல் அமர்ந்து, முதன்முறையாக அவளுக்காக ஜெபித்தார்.